29 வீதம் எங்கிருந்து வருகிறது? இலங்கையின் காட்டை அளப்பதும் அது குறைவதும்

இலங்கையில் காடு எவ்வளவு இருக்கிறது என்று தேடினால் ஒரே மாலையில் மூன்று விடை கிடைக்கும். பத்தரமுல்லையில் இருக்கும் வனவளத் திணைக்களத்தின் கணக்கு ஏறத்தாழ 29 வீதம் என்கிறது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் 2020 மதிப்பீட்டில் 34 வீதம். இணையத்தில் எவரும் திறந்து பார்க்கக்கூடிய உலக மரப்போர்வை வரைபடமோ பாதி நாட்டுக்கு மேல் பச்சையாகக் காட்டுகிறது. மூன்றும் பொய்யில்லை. கேட்ட கேள்விதான் வேறு வேறு.

இது புள்ளிவிபரக்காரர்களின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. ஒருவர் 34ஐத் தூக்கிக் காட்டிக் காடு கூடிவிட்டது என்கிறார். இன்னொருவர் வரைபடத்தில் இழப்பைக் குறிக்கும் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்து ஒரு கிராமத்தையே குற்றவாளி ஆக்குகிறார். வடக்கிலும் கிழக்கிலும் காணி உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி தங்கள் வயலாகவே இருக்கக்கூடும். ஆகவே அந்த எண் எப்படி உண்டாகிறது, எந்த இடத்தில் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எது காடு?

இலங்கை 2017இல் ஐ.நா. காலநிலைச் சாசனத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் காட்டுக்கு மூன்று நிபந்தனை வைத்தது. பரப்பு 0.5 ஹெக்டேயருக்குக் குறையக்கூடாது. மரங்கள் 5 மீற்றர் உயரத்தை எட்டியவையாக அல்லது எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் நிலத்தின் 10 வீதத்துக்கு மேல் மரவிதானம், அதாவது கிளையும் இலையும் சேர்ந்த கூரை, மூடியிருக்க வேண்டும். நம் வழக்கத்தில் 0.5 ஹெக்டேயர் என்றால் ஒன்றேகால் ஏக்கர், 200 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. 10 வீத விதானம் என்பது மிகத் தாழ்ந்த வரம்பு. பத்து அடிக்குப் பத்து அடி நிலத்தில் ஒரு குடையளவு நிழல் விழுந்தாலே அது நிறைந்துவிடும்.

உணவு விவசாய அமைப்பும் இதே மூன்று அளவைத்தான் வைக்கிறது. ஆனால் அது இறப்பர்த் தோட்டத்தையும் காடாக எண்ணும். போதாததற்கு, உள்நாட்டு நீர்நிலைகளைக் கழித்த நிலப்பரப்பால்தான் வகுக்கும். தொகுதி கூடுகிறது, பகுதி குறைகிறது, விடை 34க்கு ஏறுகிறது. ஒரு மரமும் புதிதாக முளைக்காமலே ஐந்து வீதம் கூடிவிடுகிறது.

உலக வரைபடம் காட்டைப் பற்றிப் பேசவே இல்லை. 5 மீற்றருக்கு மேல் வளர்ந்த எந்தத் தாவரமும் அதற்கு மரப்போர்வைதான். குருநாகல் தென்னந்தோப்பு, களுத்துறை இறப்பர், கண்டி வீட்டுத்தோட்டத்துப் பலா எல்லாம் அதில் பச்சை. வயது போன இறப்பரை வெட்டி மறுநடுகை செய்தால் அந்த வரைபடம் அதை இழப்பென்று சிவப்பில் குறிக்கும். தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வழமையான வேலை அது. எனவே கேகாலையிலும் களுத்துறையிலும் தெரியும் சிவப்பைக் காடழிப்பு என்று வாசிப்பதற்கு முன், அந்த இடம் 20 ஆண்டுக்கு முன் என்னவாக இருந்தது என்று பார்த்தே ஆகவேண்டும்.

இதே கேள்வி இப்போது கொழும்பின் ஏற்றுமதி அலுவலகங்களுக்கும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் இறப்பரைப் பட்டியலில் வைத்துள்ளது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த இறப்பரை அது ஏற்காது. நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட துண்டுக்கு முழு எல்லைக்கோடும் கேட்கும், சிறிய துண்டுக்கு ஒரு புள்ளி போதும். அந்தச் சட்டத்தில் இறப்பர்த் தோட்டம் காடல்ல. ஐ.நா. அட்டவணையில் காடாக நிற்கும் அதே மரம் ஐரோப்பியச் சுங்கத்தில் வெறும் பயிர்.

84, 44, 29

1881இல் 84 வீதம், 1956இல் 44 வீதம், இன்று 29 என்ற வரிசையைப் பாடசாலைப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். முதல் எண் அளந்தெடுத்ததல்ல, அக்காலத்து மதிப்பு. 1956தான் முதல் முறையான அளவை: கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவ, நாடு முழுவதையும் விமானத்திலிருந்து படமெடுத்துக் காட்டைப் பிரித்தார்கள். அந்த இரண்டுக்கும் இடையில் மலைநாடு முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் காணி உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டுவிட்டு ஆறப்போடும் நிலம்) அரசின் சொத்தாக்கி, விற்பனைக்கு வழி திறந்தது. 5,000 அடிக்கு மேல் வெட்டக்கூடாது என்று 1873இல் வந்த தடை இல்லாமற்போயிருந்தால் இன்று ஹோர்ட்டன் சமவெளியைச் சுற்றிக் காடே மிஞ்சியிருக்காது. 1956க்குப் பின் நடந்த இழப்பு பெரும்பாலும் வரண்ட வலயத்தில். 1949இல் தொடங்கிய கல்லோயா, 1977க்குப் பிறகு துரிதப்படுத்திய மகாவலி, இவற்றோடு வந்த குடியேற்றங்கள் கிழக்கின் உள்நாட்டுக் காட்டைப் பெருமளவில் வயலாக்கின.

இந்த வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. 1992 வரைபடம் 23.9 வீதம் என்றது, 2010 வரைபடம் 29.7 வீதம் என்றது. காடு வளர்ந்ததா? இல்லை. 23.9 என்பது அடர்காடு மட்டும். 1992இன் ஐதான காட்டையும் சேர்த்தால் 31க்கு அருகில் வரும். 2010இன் 29.7க்குள் அடர்காடு 21.9 வீதம்தான். சமமானதைச் சமமானதோடு வைத்தால் இரண்டு வரியும் இறங்குகின்றன.

அந்த வரைபடங்களின் காட்டுவகை அட்டவணைக்குள் இறங்கினால் இன்னும் தெளிவாகும். 1992இல் மலைக்காடு சுமார் 3,100 ஹெக்டேயர் என்றும், 2010இல் 44,758 ஹெக்டேயர் என்றும் பதிவாகியுள்ளது. மலையுச்சியில் குட்டையாக, பாசி போர்த்தி நிற்கும் அந்தக் காடு 18 ஆண்டில் பதினான்கு மடங்காகாது. அதற்குக் கீழே வரும் கீழ்மலைக் காட்டின் வரியையும் பாருங்கள்: 1992இல் சுமார் 68,600, 2010இல் 28,513. இரண்டையும் கூட்டினால் முன்பு 71,700, பின்பு 73,271. காடு அசையவில்லை. இரண்டு வகைக்கும் நடுவில் இருந்த கோட்டைத்தான் நகர்த்தியிருக்கிறார்கள். ஈரப் பருவக்காடு சுமார் 2,44,000 ஹெக்டேயரிலிருந்து 1,17,885க்கு இறங்கியதும் இதே அட்டவணையில்தான். அதில் எவ்வளவு மெய்யான இழப்பு, எவ்வளவு கோட்டு நகர்வு என்பதை அட்டவணையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்டற்காட்டின் எண்ணும் 8,700இலிருந்து 15,669 ஆகக் கூடியிருக்கிறது. புத்தளம் பக்கம் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டிய காலத்தையும் உள்ளடக்கிய இடைவெளி இது. அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கரையோரம் கயிறுபோல் ஓடும் கண்டலைப் பழைய படங்கள் சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்கும் வாய்ப்பே அதிகம்.

படம் எடுக்கும் மாதம்

இன்று பெரும்பாலான வேலை இலவசச் செய்மதிப் படங்களில் நடக்கிறது. அமெரிக்காவின் லான்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு சதுரப் புள்ளி, 30 மீற்றர்; ஐரோப்பாவின் சென்டினல்-2இல் 10 மீற்றர். 0.5 ஹெக்டேயர் காடு முதலாவதில் ஐந்தரை பிக்சல், இரண்டாவதில் 50 பிக்சல். ஐந்தரை பிக்சலில் ஓரத்துப் பிக்சல்கள் எல்லாம் கலப்படம், பாதி மரம் பாதி மண். சின்னச் சின்ன வெட்டுகளை லான்ட்சாட் ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

சென்டினல்-2இன் இரண்டு செய்மதிகளும் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை நம்மைக் கடக்கின்றன, காலை பத்தரை மணியளவில். வரண்ட வலயத்துக்கு அது நல்ல நேரம். சிங்கராஜாவிலும் சிவனொளிபாதமலைச் சாரலிலும் அந்த நேரத்துக்குள் முகில் கூடத் தொடங்கிவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். அந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் தாழ நிற்பதால் மலையின் வடமேற்குச் சரிவுகள் நிழலில் விழும். நிழல் இருட்டை மென்பொருள் அடர்காடென்று வாசிக்கும். உயர மாதிரி ஒன்றைக் கொடுத்துச் சரிவுக்கேற்ப வெளிச்சத்தைத் திருத்தாமல் வகைப்படுத்தினால் தேயிலைச் சரிவுகூடக் காடாகிவிடும்.

வரண்ட வலயத்தில் சிக்கல் வேறு. மொனராகலையையும் அம்பாறையையும் எடுத்துக்கொள்வோம். சேனைக்கு ஆனி, ஆடியில் வெட்டி, ஆவணி, புரட்டாதியில் எரித்து, பெரும்போக மழையோடு சோளம் போடுவார்கள். பெப்ரவரியில் சோளம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும், காடும் மழை குடித்துப் பசுமையாக நிற்கும். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செந்நிறக் கீழ் (அகச்சிவப்பு) ஒளியையும் ஒப்பிட்டுக் கணிக்கும் பசுமைச் சுட்டி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் கொடுக்கும். பெப்ரவரிப் படம் ஒன்றை மட்டும் வைத்து வேலை செய்தால் சோளக் காணி முழுக்கக் காடு. சரி, செப்டெம்பர்ப் படத்தை எடுப்போம் என்றால், அப்போது வரண்ட காட்டிலேயே இலையுதிர்க்கும் மரங்கள் மொட்டையாக நிற்கும். பசுமை குறைந்த இடமெல்லாம் வெட்டிய இடம் என்று முடிவெடுத்தால் எதிர்ப்பக்கத்துப் பிழை.

ஆகவே குறைந்தது நான்கு படம் வேண்டும்: இரண்டு ஆண்டு, ஒவ்வொன்றிலும் பெப்ரவரி ஒன்று, செப்டெம்பர் ஒன்று. பெப்ரவரியில் பச்சை, செப்டெம்பரில் வெறும் மண் அல்லது கரி என்றால் பயிர். எரிந்த நிலம் அண்மைச் செந்நிறக் கீழ் ஒளியில் கறுத்தும், குறுஅலைச் செந்நிறக் கீழ் ஒளியில் வெளுத்தும் தெரியும். இலையுதிர்த்த காடு அப்படித் தெரியாது, கிளையும் தண்டும் அங்கே நிற்கின்றன. முகில் விடாத இடங்களுக்கு சென்டினல்-1இன் ராடர் உண்டு, ஆனால் மழைக்கு நனைந்த மண்ணையும் குளத்து நீர்மட்ட மாற்றத்தையும் அது மரமாற்றமாகக் குழப்பிக்கொள்ளும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக்கூடாது.

கணினி வகைப்படுத்திய பிறகு ஒருவர் திரையில் உட்கார்ந்து துண்டு துண்டாகத் திருத்த வேண்டும். அதன் பின் களம். களத்தில் 12.62 மீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அது 0.05 ஹெக்டேயர். அதற்குள் நிற்கும் மரங்களைத் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, உயரம் பார்த்து, விதானம் கணிக்கிறார்கள். அடர்ந்த இலைக்குக் கீழே ஜி.பி.எஸ். ஐந்து முதல் பத்து மீற்றர் வரை தவறும், பிக்சலின் பருமனே அவ்வளவுதான். காட்டு ஓரத்திலிருந்து 30 மீற்றராவது உள்ளே போய்ப் புள்ளியை வைத்தால்தான் சரியான பிக்சலைச் சோதித்தோம் என்று சொல்ல முடியும். சாலையோரத்தில் வாகனத்தை நிறுத்தி, எட்டிப் பார்த்துக் குறித்துவரும் புள்ளிகள் துல்லியத்தைச் செயற்கையாக ஏற்றிவிடும். எளிதில் போகக்கூடிய இடம் வகைப்படுத்தவும் எளிதாக இருப்பதுதான் காரணம்.

ஒரு வீதப் பிழை என்ன செய்யும்

துல்லியம் 95 வீதம் என்று ஓர் அறிக்கை சொன்னால் பலர் அங்கேயே திருப்தியாகிவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு மாவட்டத்தில் 90,000 ஹெக்டேயர் மாறாத காடு, 1,000 ஹெக்டேயர் இழந்த காடு என்று வரைபடம் சொல்கிறது. இழந்த பகுதியில் எழுந்தமானமாக 100 புள்ளி எடுத்துச் சோதித்ததில் 80 சரி. மாறாத பகுதியில் 300 புள்ளியில் 297 சரி, மூன்று மட்டும் உண்மையில் வெட்டிய இடம். மேலோட்டமாகப் பார்த்தால் மிக நல்ல வரைபடம்.

இப்போது பரப்பைக் கணியுங்கள். 1,000இல் 80 வீதம் என்றால் 800 ஹெக்டேயர் மெய்யான இழப்பு. 90,000இல் ஒரு வீதம் என்றால் 900 ஹெக்டேயர், வரைபடம் கண்டே பிடிக்காத இழப்பு. மொத்தம் 1,700. வரைபடம் சொன்னதைவிட எழுபது வீதம் கூட. அந்த 900 மூன்றே மூன்று புள்ளியில் தொங்குவதால், 95 வீத நம்பிக்கை எல்லை ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேயர் மேலும் கீழும் போகும். அதாவது இழப்பு 700ஆகவும் இருக்கலாம், 2,700ஆகவும் இருக்கலாம்.

2010இன் 29.7 வீதம் 2015இல் 29.2 ஆனது என்பதையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். அரை வீதம் என்பது நம் நாட்டில் சுமார் 33,000 ஹெக்டேயர். இரண்டு தனித்தனி வரைபடத்தைக் கழித்தால் இரண்டின் பிழையும் சேர்ந்தே வரும். மெய்யான வழி, இழப்பைத் தனியாகவும் மீள்வளர்ச்சியைத் தனியாகவும் புள்ளி வைத்து மதிப்பிடுவது. நிகர எண்ணில் அழிந்த மழைக்காடும் புதிதாகச் சடைத்த பற்றையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். மேலிருந்து வரும் அறிக்கைகளில் பிழை எல்லை இல்லாத எண்ணைக் கண்டால் நான் அதை அரை எண் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

மேலிருந்து தெரியாத அழிவு

நக்கிள்ஸ் மலைத்தொடரில் காட்டுக்குள்ளேயே ஏலக்காய் போட்டார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், எனவே பெரிய மரங்களை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தைத் துப்பரவாக வெட்டினார்கள். செய்மதிக்கு விதானம் முழுசாகத் தெரியும், அடர்காடு என்றே எழுதும். உள்ளே நின்று பார்த்தால் உயர்ந்த மரம் இருக்கிறது, கன்று இல்லை. அந்தத் தலைமுறை மரம் விழும் நாளில் அதன் இடத்தைப் பிடிக்க எதுவும் இருக்காது. 2000ஆம் ஆண்டில் அப்பகுதி பாதுகாப்புக் காடாகப் பிரகடனமான பின்பும் பழைய ஏலப் பற்றைகள் நிற்கும் இடங்களில் கன்று பிடிப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் 1970களின் பிற்பகுதியிலிருந்து கவனித்துவரும் மரங்கள் நின்றபடியே காய்ந்துபோகும் பாதிப்பு, இரத்தினபுரிப் பக்கத்து ஓடைக்கரை மாணிக்கக் குழிகள், ஒவ்வொன்றாகத் தேர்ந்து வெட்டும் முதிரை, இவையும் வரைபடத்தில் நீண்ட காலம் பச்சையாகவே இருக்கும். காட்டின் பரப்பைக் கண்காணிப்பதும் காட்டைக் கண்காணிப்பதும் ஒன்றல்ல.

எதனால் குறைகிறது

மரக்கடத்தல்தான் காட்டை அழிக்கிறது என்பது நகரத்தில் பரவலான எண்ணம். இயற்கைக் காட்டில் வணிக வெட்டு 1990 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மொறட்டுவையின் தளபாடப் பட்டறைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு வீட்டுத்தோட்டத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இறக்குமதியிலிருந்தும் வருகிறது. கடத்தல் உண்டு, அது காட்டை ஐதாக்கும். காட்டைக் காடில்லாமல் ஆக்குவது பயிர்.

பயிரென்றால் எல்லாச் சேனையும் அல்ல. பழைய சேனையில் ஓரிரு போகம் செய்துவிட்டுப் பத்தாண்டு, அதற்கு மேலும் நிலத்தை விட்டுவிடுவார்கள். அடிக்கட்டை துளிர்த்துக் காடு மீளும். இப்போது அந்த இடைவெளி இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கியோ முற்றாக இல்லாமலோ போயிருக்கிறது. காரணம் சோளத்தின் சந்தை. கோழித் தீவனத்துக்குச் சோளம் வேண்டும், கொள்வனவாளர் கலப்பின விதையும் உரமும் கடனாகக் கொடுத்து விளைச்சலை முன்கூட்டியே பேசிக்கொள்கிறார், கடனைக் கட்ட அடுத்த போகமும் அதே நிலத்தில் விதைக்க வேண்டியாகிறது. கத்தியும் கோடரியும் செய்த வேலையை இப்போது பெக்கோ இயந்திரம் வேரோடு செய்கிறது. வேர் போனால் துளிர்க்க அடிக்கட்டை இல்லை. கொழும்பில் நாம் வாங்கும் கோழியின் விலைக்குள் மொனராகலையின் இந்த வெளி இருக்கிறது.

ஈரவலயத்தில் அழிவு சின்னத் துண்டுகளாக நடக்கும். சிங்கராஜாவைச் சுற்றியும் களுத்துறை, காலி, இரத்தினபுரி மலைச்சாரல்களிலும் சிறு தேயிலைக் காணிகள் ஆண்டுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காட்டுக்குள் நகரும். ஒவ்வொரு துண்டும் 0.5 ஹெக்டேயர் வரம்புக்குக் கீழே இருப்பதால் தேசிய வரைபடத்தில் எதுவும் தெரியாது. தாழ்நில மழைக்காடு நாடு முழுக்க 1,23,000 ஹெக்டேயர் அளவில்தான் மிச்சம், அதுவும் சிதறிக் கிடக்கிறது. வரண்ட காடு 11 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல். வரண்ட வன்னியில் ஒரு ஏக்கர் போனதும் சிங்கராஜாவை ஒட்டிய நெலுவையில் ஒரு ஏக்கர் போனதும் வீதக் கணக்கில் சமம். உயிரினங்களின் கணக்கில் நெலுவையின் ஏக்கர் பல மடங்கு பெறுமதி, வேறெங்கும் இல்லாத மரமும் தவளையும் அங்கேதான் இருக்கின்றன.

சட்டத்தின் வரம்பும் இதே போலத்தான். 1993இல் வந்த வர்த்தமானி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் சுற்றாடல் மதிப்பீட்டு அனுமதி வேண்டும் என்கிறது. துண்டு துண்டாக வெட்டி வெளியாக்கினால் எந்தத் துண்டும் அந்த வரம்பைத் தொடாது. இன்னொரு முக்கியமான திருப்பம் 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை. வர்த்தமானியில் அறிவிக்காத, ஆனால் அரசுக்குச் சொந்தமான எஞ்சிய காடுகளை அது வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, அந்தக் காணிகளைப் பற்றிய முடிவை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றினார்கள். யானைகள் நடமாடும் வழிகள் பெரும்பாலும் இந்த எஞ்சிய காடுகளுக்குள்தான் இருக்கின்றன. சேனைக்காரர் பசி நியாயமானது. ஆனால் எஞ்சிய காடு என்ற பெயரே அதை வீண் நிலம்போல ஆக்கிவிடுகிறது, அதுதான் என் கவலை.

2030க்குள் 32 வீதம் என்று நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இலக்கை மரம் நட்டும் எட்டலாம், வரைவிலக்கணத்தைத் தளர்த்தியும் எட்டலாம். இறப்பரைச் சேர்த்துக்கொண்டாலே பாதி வழி வந்துவிடும். எந்த வரைவிலக்கணத்தில், எந்த அடிப்படை ஆண்டிலிருந்து என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

வன்னியின் பச்சை

காட்டு வீதத்தில் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாட்டின் முன்வரிசையில் நிற்கின்றன. அதில் ஒரு பகுதி பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் பழங்காடு. இன்னொரு பகுதி யுத்தம் வளர்த்த காடு. மக்கள் இடம்பெயர்ந்த வயலில் முதலாண்டு புல், பிறகு நாயுண்ணியும் முட்பற்றையும், பதினைந்து இருபது ஆண்டில் 5 மீற்றரைத் தாண்டிய மரங்கள். 10 வீத விதானம் என்ற வரம்பு எப்போதோ நிறைந்துவிடும். ஐ.நா. விளக்கத்தின்படியும் கைவிட்ட நிலத்தில் மீள வளரும் மரத்தொகுதி காடுதான். படத்தில் பார்த்துக் கோடு கீறுபவருக்கு அது காடு. அரசு கொடுத்த காணிப் போர்மிட்டை (அனுமதிப்பத்திரத்தை) கையில் வைத்திருப்பவருக்கு அது அப்பாவின் வயல்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதி இதன் கூர்மையான உதாரணம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிக் கிராமங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு ஆளற்றுக் கிடந்தன. 2012 அக்டோபரில் அப்பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தன. மீள்குடியேற்றத்துக்காக மரங்களை வெட்டி வெளியாக்கியபோது அது வில்பத்துக் காடழிப்பு என்று நாடெங்கும் பேசப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்றுப் பகுதியில் வெளியாக்கிய காட்டை முன்னாள் அமைச்சர் ஒருவர் தன் செலவில் மீள வளர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே பழங்காடும் இருந்தது, பழைய ஊரும் இருந்தது. எந்தத் துண்டு எது என்பதை ஒரே ஆண்டின் படம் சொல்லாது.

காலத்தொடர் சொல்லும். லான்ட்சாட்டின் 30 மீற்றர்ப் படங்கள் 1980களின் நடுவிலிருந்து இருக்கின்றன, இடையில் சில ஆண்டுகள் இல்லாவிட்டாலும். ஒரு துண்டின் பசுமைச் சுட்டியை ஆண்டுவாரியாக வரைந்தால், வயல் என்றால் கோடு போகத்துக்குப் போகம் ஏறி இறங்கும். ஓர் ஆண்டில் அந்த ஏற்ற இறக்கம் நின்று, கோடு மெல்ல உயர்ந்து தட்டையாகும். அந்த ஆண்டில்தான் ஊர்மக்கள் காணியை விட்டுப் போயிருக்கிறார்கள். பழங்காட்டின் கோடு தொடக்கத்திலிருந்தே தட்டையாக இருக்கும். இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வேறு சான்று குறைவு. இதைச் செய்யாமல் எல்லை போட்டது பெரும் அநீதி என்றே சொல்வேன். அதே கோட்டைக் காட்டி, ஒருநாளும் வயலாக இருந்திராத காட்டையும் பழைய காணி என்று கேட்பவர்களை மறுக்கவும் முடியும்.

கொழும்பில் இருந்துகொண்டு ஊர்க்காணியைத் தேடுபவர்கள் நாரஹேன்பிட்ட கிருள வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் அப்பகுதியின் பழைய இடவிளக்கப் படத்தையும், இருந்தால் விமானப் படத்தையும் முதலில் கேட்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த போர்மிட்டு என்றால் அதன் பதிவேட்டுப் பிரதி பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். பிறகு வர்த்தமானியில் உள்ள எல்லைப் புள்ளிகளை வரைபடத்தில் வைக்கும்போது கவனம்: இலங்கைப் படங்கள் கண்டவளை என்ற உள்நாட்டு அளவை அடிப்படையில் அமைந்தவை, கைபேசி ஜி.பி.எஸ். உலகப் பொது அடிப்படையில் அளப்பது. மாற்றாமல் அப்படியே வைத்தால் எல்லை நூறு மீற்றருக்கு மேல் விலகி விழும், ஒரு முழு வயல் உள்ளேயோ வெளியேயோ போய்விடும். களத்தில் பற்றையை விலக்கிப் பார்த்தால் வரம்பு மேடு, வாய்க்கால் துருசு, கட்டுக்கிணறு, காட்டில் தானாக முளைக்காத தென்னை அல்லது மா, இவற்றில் ஏதாவது நிற்கும். கிணற்றின் நடுவில் நின்று எடுத்த ஆள்கூறும், நான்கு திசைக்கும் எடுத்த படமும், திகதியும் சேர்ந்தால்தான் மனுவோடு இணைக்கத் தக்கதாகும்.